முதலமைச்சருக்குக் கட்டிய கக்கூஸ்

நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் சேர்ந்து கைப்பேசியில் நடத்தும் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. இதுவரை நம்மை ஆண்ட முதலமைச்சர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வட்டத்துக்குள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு கேள்வி: இவர்களில் சிறந்தவர் யார்? அதற்கு நீங்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பேரன் பேத்தி எடுத்தவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள், ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படித்தவர்கள், ஒருவர் தலைவரை இன்னொருவர் காது கூசும்படி ஏசினீர்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். நான் மட்டும் ஏன் பதில் சொல்லவில்லை என்று தனியாகக் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த வட்டங்களைப் பார்த்ததும் எனக்குப் பினாயில் வாசம்தான் வந்தது. சும்மா சொல்லவில்லை. தட்டில் இருந்த தோசையை வைத்துவிட்டு எழுந்துபோய் வாய் கொப்பளித்தேன்.

எந்த முதலமைச்சர், எந்த முன்னாள் முதலமைச்சர் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் சந்தோஷப்படுவீர்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். இரண்டையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நான் ஆறாவது படித்த வருஷம் அது. அக்கா பத்தாவது. போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிற ரோட்டில், மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் நம் ஊர் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடமும் தெரியும். ஆனால் அங்கே பெண் பிள்ளைகளுக்கு ஒதுங்க இடம் கிடையாது என்பதை உங்களில் ஆண்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு ஆறு இருந்தது, சுவர் இருந்தது, மரம் இருந்தது. எங்களுக்கு இருந்தது பள்ளிக்குத் தென்பக்கச் சரிவில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்த உண்ணிச்செடிப் புதர் ஒன்றுதான். "சோலி இருக்கு, போயிட்டு வர்றேன்" என்று ஒருத்தி சொன்னால் மற்றவளும் எழுந்து போவாள். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நிற்பாள். முள் கிழிக்கும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். உண்ணிப்பூவின் அந்தக் காரமான வாசம் பாவாடையிலேயே தங்கிவிடும். இருந்தாலும் அது மறைவு.

அந்தத் தை மாதம் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் இறந்துபோனார். இடைத்தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. தேர்தலை அறிவிப்பதற்குள் மலைக்கிராமங்களுக்குப் புதுச்சாலை போட அடிக்கல் நாட்ட முதலமைச்சரே வருகிறார் என்றார்கள். விழா நம் பள்ளிக்கூட மைதானத்தில். அதைவிட்டால் அந்தப் பக்கத்தில் மட்டமான இடம் ஏது?

ஆளுங்கட்சியின் ஊர்க் கிளைக்குச் செயலாளர் என் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். கட்சிக் கரைவேட்டி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் அவர் வந்தால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வாள், அதுவும் எங்களிடம் சொல்வதுபோல.

அதிகாரிகள் ஜீப்பு ஜீப்பாக வந்து மைதானத்தை அளந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் தலைமையாசிரியரைப் பார்த்து, "ஐயா வந்தா பாத்ரூம் போக எங்க ஏற்பாடு?" என்று கேட்டார். தலைமையாசிரியர் முழித்தார். அவருக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை.

அடுத்த நாளே செங்கல் வந்து இறங்கியது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கரும்பலகை கேட்டு வருஷக்கணக்காக மனுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாம். ஒரு வாரத்துக்குள் மைதானத்தின் ஓரத்தில் கக்கூஸ் எழும்பி நின்றது. சுவரெல்லாம் வெள்ளை ஓடு. தரையிலும் வெள்ளை ஓடு. கை கழுவப் பீங்கான் தொட்டி, அதற்கு மேலே கண்ணாடி. மாடியில் தண்ணீர்த் தொட்டி. வாசல் சுவரில் 'மாண்புமிகு முதலமைச்சர் அவர்களின் வருகையையொட்டிக் கட்டப்பட்டது' என்று பெரியப்பா செலவில் பெயிண்டர் எழுதினார்.

அதே வாரத்தில்தான் உண்ணிச்செடிப் புதரை வெட்டினார்கள். முதலமைச்சரோடு வரும் கார்களை நிறுத்த இடம் வேண்டுமாம். வேரோடு பிடுங்கித் தீ வைத்துச் சரிவை மண் போட்டு மட்டமாக்கிவிட்டார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் மொட்டையாகத் தெரிந்தது. நாங்கள் மணியடித்ததும் வழக்கம்போல அங்கே போய், கரிக்கட்டையும் புது மண்ணுமாகக் கிடந்த இடத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம்.

மோட்டார் வந்து சேரவில்லை. தொட்டியை நிரப்ப வேண்டுமே! பெண் பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்து குடம் கொண்டுவர வேண்டும் என்று தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் சொன்னார். ஆற்றிலிருந்து மைதானம் வரை எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். குடம் கைமாறிக் கைமாறி வந்தது. ஏணியின் உச்சியில் அக்கா நின்று வாங்கி ஊற்றினாள். தாவணி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. கீழே நின்ற அதிகாரிகள் சிகரெட் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தால் அவர்கள் முகத்தில் அந்தக் குடத்தைப் போட்டு உடைக்க வேண்டும்போல இருக்கிறது.

தண்ணீர் நிரம்பியதும் எங்களை உள்ளே விட்டுத் தரையைத் துடைக்கச் சொன்னார்கள். சிமெண்டு ஈரமும் பினாயிலும் கலந்த வாசம். பீங்கானில் விரலை வைத்தால் சில்லென்றது. அந்தக் கண்ணாடியில்தான் அக்காவும் நானும் முதல்முறையாக எங்கள் முகத்தைச் சேர்ந்தாற்போல் முழுதாகப் பார்த்தோம். "நீ என் மாதிரியே இருக்கடி" என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, "அவரு போனப்பெறவு இது நமக்குத்தான். சாரு சொல்லுவாரு பாரு" என்றாள். அவள் அதை அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாள்.

முதலமைச்சர் காலையில் வருவதாக இருந்தது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்போதுதான் வந்தார். அதுவரை நாம் மைதானத்தில் கொடியோடு நின்றோம், நினைவிருக்கிறதா? போடியிலிருந்து ஏலக்காயைக் கோத்து ஒரு மாலை செய்து கொண்டுவந்திருந்தார்கள். முதல்தரக் காய், ஒவ்வொன்றும் பச்சைப் பசேலென்று கொழுத்திருந்தது. அதன் வாசம் வெயிலில் ஏறி எங்கள் தலைவலியோடு கலந்தது. அதை அவர் கழுத்தில் போட்டார்கள். படம் பிடித்து முடிப்பதற்குள் கழற்றிப் பின்னால் நின்ற ஆளிடம் எறிந்தார். அரிப்பெடுத்தவரைப்போல கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சாலை வரும் என்றார். நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன்.

பெரியப்பா கக்கூஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் வெள்ளைத் துண்டு. இன்னொரு கையில் தாள்கூடப் பிரிக்காத ரோஸ் நிறச் சோப்பு. முதலமைச்சர் மேடையை விட்டு இறங்கினார். அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராகக் காருக்குள் ஏறினார். கார்கள் எல்லாம் கிளம்பிப் போனபிறகும் பெரியப்பா துண்டையும் சோப்பையும் ஏந்தியபடி அங்கேயே நின்றார். நாங்கள் பெஞ்சுகளை உள்ளே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா அவரைப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது. "பெரியப்பாவுக்குத் தண்ணி கொண்டா" என்று என்னை அனுப்பினாள்.

மறுநாள் ஊரில் கதை வேறு மாதிரி இருந்தது. தலைவர் உள்ளே போனார், கை கழுவினார், கண்ணாடியில் தலை சீவினார், "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்கய்யா" என்று பெரியப்பாவின் தோளைத் தட்டினார். பெரியப்பா அதைச் சொல்லும்போது அவர் தோளை அவரே தொட்டுக்காட்டுவார். அந்தச் சோப்பு அவர் வீட்டு அலமாரியில், தலைவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்தது. கக்கூசுக்குப் பூட்டு விழுந்தது. சாவி பெரியப்பாவின் இடுப்பு வாரில் தொங்கியது.

அக்கா முதலில் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டாள்.

"சார், சாவி வேணும் சார். பொண்ணுங்களுக்கு."

"அது என் பொறுப்பு இல்லம்மா. ஒங்க பெரியப்பாட்ட இருக்கு. ஒங்க வீட்டுச் சமாச்சாரம்" என்று சொல்லிச் சிரித்தார். பெரிய நகைச்சுவை!

பெரியப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஒரு மதியம் அக்கா அவர் எதிரிலேயே போய் நின்றாள்.

"பெரியப்பா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவத் தொறந்து விடுங்க. பொதர வெட்டிட்டாங்க. ரோட்டப் பாத்து ஒக்கார முடியல."

அப்பா, "ஏய்!" என்று அதட்டினார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அம்மாவின் வளையல் அசைந்தது.

பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "தலைவரு பிரச்சாரத்துக்கு மறுபடி வந்தாலும் வருவாரு. நாறிக் கெடந்தா எவன் பதில் சொல்றது? பொறு ஆத்தா. தேர்தல் முடியட்டும். மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்."

"மேலிடத்துலயா? இதுக்கா?" என்றாள் அக்கா.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா தடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் நல்ல மனதோடு இருந்தார்.

அதன்பிறகு அக்கா காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர் குடிப்பதை விட்டாள். நாங்கள் எல்லாருமே விட்டோம். மாதத்தில் அவளுக்கு முடியாத நாட்களில் பள்ளிக்கே வரமாட்டாள். அரசுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பது அவளோடு படித்த அண்ணன்மார்களுக்குத் தெரியும்.

தேர்தல் அறிவித்தார்கள். மாசி வெயிலில் முன்னாள் முதலமைச்சர் பிரச்சாரத்துக்கு வருவதாகச் சுவரெல்லாம் எழுதினார்கள். அந்தக் கட்சிக்கு எங்கள் ஊரில் ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி. அந்தத் தலைவர் வரும் நாளன்று மாமா தன் ஆட்களோடு காலையிலேயே மைதானத்துக்கு வந்துவிட்டார். பெரியப்பாவும் தன் ஆட்களோடு வந்து கக்கூஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்தாவதுக்கு மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எங்கள் வகுப்பு ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"மச்சான், சாவியக் குடுங்க. எங்க தலைவரு எறங்குனா ஒதுங்க எடம் வேணும்" என்றார் மாமா.

"முன்னாளுக்கெல்லாம் கெடையாது மாப்ளே. இது இந்நாளுக்குக் கட்டுனது. எழுதியிருக்கு பாரு."

"அரசாங்கக் காசுல கட்டுனதுதான? எங்க தலைவரு முதலமைச்சரா இருந்ததில்லையா? அவரு ஆண்டப்ப ஒங்க ஆளு எங்க இருந்தாரு?"

"ஆண்டதுனாலதான்யா ஊரே நாறிப் போச்சு."

அவ்வளவுதான். ஒரு முன்னாளும் ஒரு இந்நாளும் மலம் கழிக்கும் உரிமைக்காக, எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலி பறந்தது. பெரியப்பாவின் நெற்றி கிழிந்தது. மாமா கடப்பாரையைக் கொண்டுவந்து பூட்டை நெம்பி உடைத்தார். கதவு படாரென்று திறந்தது. அவர்கள் கட்சிக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள், கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி.

அந்த நேரம் ரோட்டில் ஒலிபெருக்கிச் சத்தம். வேன் வந்தது. நிற்கவில்லை. ஜன்னலிலிருந்து இரண்டு கை வெளியே வந்து கும்பிட்டன. புழுதி எழுந்தது. அடித்துக்கொண்ட இரண்டு கூட்டமும், ஒன்று கோஷம் போட்டுக்கொண்டும் மற்றது ஏசிக்கொண்டும், வேனுக்குப் பின்னால் குரங்கணிப் பக்கமாக ஓடின. மைதானம் காலியாகிவிட்டது. கதவு திறந்தே கிடந்தது.

அக்கா விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்து என் வகுப்பு வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "வெரசா வாடி, வாசல்ல நில்லு" என்றாள். அவளுக்கு அன்றைக்கு முடியாத நாள். மாதிரித் தேர்வை விடக்கூடாதென்று வந்திருந்தாள்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் சுமந்து ஊற்றிய தண்ணீர். அது விழும் சத்தத்தை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அக்கா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது. அந்தக் கட்டடத்தை அது எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்காகப் பயன்படுத்திய முதல் ஆள் அவள்தான்.

பெரியப்பா நெற்றியில் துணிக்கட்டோடு திரும்பி வந்தார். கையில் புதுப்பூட்டு. அவரோடு நாலைந்து பேர்.

"உள்ள எவ?"

"அக்கா" என்றேன். நகராமல் நின்றேன்.

அவர் என் தலைக்கு மேலே கையை நீட்டிக் கதவைத் தட்டினார்.

"இருங்க பெரியப்பா, வந்துட்டேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல்.

அவள் வெளியே வந்ததும் பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளை ஓட்டின்மேல் ஈரத்தோடு ஈரமாக, சிவப்பாக ஒரு கோடு சாக்கடைத் துளைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் இருந்தது. அவர் பின்னால் துள்ளினார்.

"ச்சீ! தலைவரு கால் வச்ச எடத்துல தீட்டோட போயிருக்கியே, நீயெல்லாம் பொம்பளப் பிள்ளையா?"

அக்கா தலை குனியவில்லை. அவரை வருத்தப்படுத்த நினைத்தும் சொல்லவில்லை. கணக்கில் தப்புக் கண்ட பிள்ளை சொல்வதுபோலச் சொன்னாள்: "அவரு இங்க கால் வைக்கலியே பெரியப்பா. நீங்க துண்டு வச்சுக்கிட்டு நின்னீங்க. அவரு பாக்காமயே போயிட்டாரு. நாங்க பெஞ்சு தூக்குனப்ப பாத்தோமே."

பக்கத்தில் நின்ற ஆள் ஒருவன் சிரித்துவிட்டான்.

நெடுங்காலம் அவளுடைய குற்றம் அந்தச் சிவப்புக் கோடு என்றுதான் நினைத்திருந்தேன். அப்படித்தான் எல்லாரும் பேசினார்கள். இந்த வயதில்தான் தெரிகிறது. தீட்டை அவர் மன்னித்திருப்பார். தலைவர் தன் தோளைத் தட்டவில்லை என்பதை நாலு பேர் முன்னால் ஒரு பிள்ளை சொல்லிவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

ஸ்டோரிலிருந்து அப்பாவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அவர் ஓடி வந்தார். அவர் கையில் ஏலக்காய் வாசம் இருந்தது. அந்தக் கையால் அக்காவை அறைந்தார். எல்லார் முன்னாலும் அந்தத் தரையை அவளையே கழுவச் சொன்னார்கள். கழுவினாள். அதன்பிறகு பெரியப்பாவின் ஆட்கள் மஞ்சள் தண்ணீர் கலந்து தெளித்தார்கள். ஒருவன் சொம்பில் பால்கூடக் கொண்டுவந்தான். பால்! சத்துணவு வரிசையில் தட்டேந்தி நின்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கக்கூஸ் தரையில் பால் ஊற்றினார்கள். பாலும் பினாயிலும் கலந்து திரிந்த அந்த நாற்றம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

மாமா இதற்கெல்லாம் ஏதாவது கேட்பார் என்று அம்மா எதிர்பார்த்தாள். கூடப்பிறந்தவர் அல்லவா? கேட்டார். சாயங்காலம் ஒலிபெருக்கியில் கேட்டார்.

"முதலமைச்சரு கக்கூசுக்குள்ள போகவே இல்லைன்னு யாரு சொன்னது? எங்கக்கா மக சொன்னா! பத்தாப்புப் படிக்கிற பிள்ள சொல்லிருச்சு! அந்தப் பிள்ளைய என்ன பாடுபடுத்துனாங்க தெரியுமா? எதுக்குத் தெரியுமா?" என்று தொடங்கி, வீட்டுக்குள்ளே பெண்கள் காதோடு காதாகப் பேசுவதையெல்லாம் தெருவுக்குத் தெரு மைக்கில் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள், உச்சுக்கொட்டினார்கள். அக்கா அடுப்படி மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா அறைந்தபோது அழாதவள் அப்போது அழுதாள்.

தலைவர் பெயரைச் சொல்லி ஒருவர் அவளைத் தீட்டென்றார். வாக்குக்காக இன்னொருவர் அந்தத் தீட்டை ஊருக்கே விற்றார். இரண்டு பேருக்கும் அவள் ரத்த உறவு.

அப்பாவால் ஸ்டோரில் தலை நிமிர முடியவில்லை. ஒரு விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் அக்காவை ஏற்றினார். மேலே, எல்லைக்கு அந்தப்புறம் தோட்டத்தில் சித்தி வேலை பார்த்தாள். "பேச்சு அடங்குற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். அப்பா முரடர் இல்லை. பயந்தவர். முரட்டுத்தனத்தைவிட அது மோசம் என்பது எனக்குப் பிறகு புரிந்தது. அக்கா கணக்குப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஜீப்புக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு முன்னால் தலைமையாசிரியர் நுழைவுச்சீட்டோடு வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா தரையைப் பார்த்தார். "ஒங்க அண்ணன் என்ன சொல்றாரு?" என்றார். காப்பியைக் குடித்து, டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சீட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு போனார். நாகரிகமான மனிதர் என்று ஊரில் பெயர்.

அக்கா தேர்வு எழுதவில்லை. மேலே காய் எடுத்தாள், அங்கேயே கல்யாணம் ஆனது. சில வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. இப்போது போடியில் மகனோடு இருக்கிறாள். இந்தக் கதையை அவளிடம் எடுத்தால், "வேற சோலி இல்லையாடி ஒனக்கு?" என்பாள். அடுத்த பொதுத்தேர்தலில் முன்னாள் இந்நாள் ஆனார், இந்நாள் முன்னாள் ஆனார். சாவி பெரியப்பா இடுப்பிலிருந்து மாமா இடுப்புக்குப் போனது. மாமாவும் திறக்கவில்லை. கதவுக்கு வேறு நிறம் அடித்தார், சுவரில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு வேறு எழுதினார். நாம் படித்து முடிக்கும்வரை அது பூட்டியே கிடந்தது. இவர்களில் யார் சிறந்தவர் என்று என்னைக் கேட்கிறீர்கள்.

ஆனால் அந்த இடைத்தேர்தல் சமயத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

அக்கா போனபிறகு நான் தண்ணீரைத் தொடவே பயந்தேன். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக விழுந்தேன். போடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவைத் திட்டினாள். "பிள்ள அடக்கி அடக்கி வச்சிருக்கா. ஒரு பிள்ளையப் பறிகொடுக்கணுமா?" என்றாள். அம்மா பஸ்சில் வரும்போது என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

நான் மறுபடி பள்ளிக்குப் போன அன்று மதிய மணி அடித்ததும் அம்மா அந்த மொட்டைச் சரிவில் நின்றுகொண்டிருந்தாள். காப்பித் தோட்டத்தில் களை வெட்டும் பெண்கள் மூன்று பேர் அவளோடு. கூடையில் பழைய சேலைகள். இரண்டு பேர் முனையைப் பிடித்து இழுத்து நிற்க, சேலை சுவராக நின்றது. ரோட்டுப் பக்கம் ஒன்று, பள்ளிப் பக்கம் ஒன்று. "வாங்கடி, ஒவ்வொருத்தியா வாங்க" என்றாள் அம்மா. பெரிய பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள். பிறகு வந்தார்கள். அன்றிலிருந்து தினமும் அரைமணி நேரக் கூலியை விட்டுவிட்டு அவர்கள் வந்து நின்றார்கள். மழை பெய்து காப்பி பூத்திருந்த சமயம். மலையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

இடைத்தேர்தல் முடிவு வந்தது. இந்நாள் கட்சி ஜெயித்தது. அன்று மதியம் வெற்றி ஊர்வலம் போடியிலிருந்து எங்கள் ரோட்டில் வந்தது. மேளம், வெடி, ஜீப்பின் மேலே மாலையோடு பெரியப்பா. அப்பாவும் ஜீப்புக்குப் பின்னால் கொடியோடு நடந்து வந்தார். எதிரே டீக்கடை வாசலில் மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். ஜீப்பு சரிவுக்கு நேராக வந்ததும் வேகம் குறைந்தது. நாங்கள் சேலைக்குப் பின்னால் இருந்தோம். காற்று அடித்துச் சேலை பறந்தது. ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவன் சீட்டியடித்தான்.

பெரியப்பா ஜீப்பிலிருந்து, "என்ன இது அசிங்கம், ரோட்டோரத்துல?" என்றார்.

அம்மா சேலை முனையை விடவில்லை. அவள் பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. கதவு இல்லாத இடத்தில் நின்று, மேளத்தைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னாள்:

"மொகத்தத் திருப்புங்க! எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க! எங்க பிள்ளைக இருக்கு இங்க!"

மேளம் நின்றுபோனது. முதலில் அப்பா திரும்பினார். கொடியைத் தாழ்த்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பினார். பிறகு மேளக்காரர்கள். பிறகு ஒவ்வொருவராக. டீக்கடை வாசலில் மாமாவும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கடைசியில் பெரியப்பா, ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாலையோடு அந்தப் பக்கம் திரும்பினார். வெற்றி ஊர்வலம் முழுக்க எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு வெயிலில் நின்றது.

சேலையின் கிழிசல் வழியாக நான் அதைப் பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் பார்த்தாள். அடக்க முடியாமல் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வரிசையில் இன்னும் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள்.

அன்றைக்கு நாங்கள் யாரும் அவசரப்படவில்லை.